கம்பெனிக்குப் போன ஆட்டுத் தலை

ஆட்டுத் தலைக்கும் வாரிசு உண்டு என்பது எனக்குக் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் தெரியும். என் பிறந்த வீட்டுப் பக்கம் கடா வெட்டினால் கறியைக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். தலையை வெட்டினவர் எடுத்துக்கொண்டு போவார், பேச்சு முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஊரில் அப்படி இல்லை. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த நிலம் அவர்கள் குடும்பத்துடையது. ஆடியில் கூழ் வார்க்கிற அன்று கோயில் கடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அந்த வீட்டு மூத்த ஆண்பிள்ளைதான். தண்ணீர் பட்டதும் கடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே வெட்டுவார்கள். தண்ணீர் தெளித்த வீட்டுக்குத் தலை. மற்றதெல்லாம் ஊருக்கு.

அந்த நிலமும் கோயிலும் ஊரும் பிறகு சுரங்கத்துக்குப் போய்விட்டன. சுரங்கத்துக்குள் இருக்கின்றன என்று சொல்வதும் தப்பு. மண்ணையே வெட்டி எடுத்து வேறு பக்கம் மலையாகக் கொட்டிவிட்டார்கள். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது.

நிலத்துக்கு நஷ்டஈடு வந்தது. வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். என் வீட்டுக்காரர் மைன்ஸில் சேர்ந்து பர்மனென்ட் ஆனார். டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு மாற்றுக் குடியிருப்பில் மனை கொடுத்தபோது அம்மனுக்கும் ஒரு மனை ஒதுக்கினார்கள். கொழுந்தன் அங்கே வீடு கட்டிக்கொண்டார். ஊர் இரண்டாகப் பிரிந்துபோனாலும் என் வீட்டுக்காரர் ஆடிக்கு ஆடி குடியிருப்புக்குப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு, தலையைத் தாம்பாளத்தில் வைத்து வாழை இலை மூடி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ப்ளாக் ப்ளாக்காகத் தாண்டி வீட்டுக்கு வருவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மா ஒரு தடவை, "கோயில் பிரசாதமா அண்ணா?" என்று இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை. பிறகு பேசினார். ஆனால் எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பவர் ஹவுஸில் வேலை பார்க்கிற மருமகனுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனோம். மருமகன் தங்கமானவர். அதுதான் என் வீட்டுக்காரருக்குக் கஷ்டம். குறை சொல்ல ஒன்றுமில்லாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது சுலபமில்லை. டிவியைப் போடச் சொல்லிக் கேட்க மாட்டார். இரண்டாவது தடவை குழம்பு கேட்க மாட்டார். ஆடி மாதம் தலை வருகிற அன்றைக்கு மட்டும் குரல் மாறிவிடும். மிளகும் சின்ன வெங்காயமும் அவரே வாங்கி வருவார். சமைத்து முடித்ததும் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்.

"மாப்ள, மூளைய வச்சிக்குங்க. இது எங்க வூட்டுது" என்பார்.

மருமகனுக்கு மூளை பிடிக்காது. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவார். அதனால்தான் அவரைத் தங்கமானவர் என்கிறேன்.

என் வீட்டுக்காரர் என்னிடம் தனியாக இருக்கும்போது சொல்வார்: "நெலத்த எழுதிக் குடுத்துட்டேன். வேலைய வயசு புடுங்கிக்கிச்சு. குவார்ட்டர்ஸ அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. தலைய மட்டும் எவன்கிட்டயும் எழுதிக் குடுக்கல."

'தானே' புயலில் விழுந்த பலாவுக்கும் முந்திரிக்கும் பதிலாக வைத்த கன்றுகள் ஆள் உயரம் வந்த சமயம் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு திரும்பியது. கை திரும்பவில்லை. ஆடி பிறக்கப் போகிற நேரத்தில் கொழுந்தன் ஒரு பை நிறைய சாத்துக்குடியோடு அண்ணனைப் பார்க்க வந்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வருசம் நான் தெளிச்சிடறேண்ணே. தெளிக்கிறவனுக்குத்தானே தலை" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சாத்துக்குடியைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி கூடுகிறது என்று தெரிந்தது. இவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போ. போயி, தலை எங்களுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"ஆம்பளைங்க கூட்டத்துல நான் எப்படிங்க பேசறது?"

"ஒரு வார்த்ததானே."

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அந்த அஞ்சு வருஷத்திலும் வாத்தியார் கேட்ட எதற்கும் எழுந்து பதில் சொன்னதில்லை. பதில் தெரியும். எழுந்தால் வராது. அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த ஒரு வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இன்னா ஆயா, மந்திரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கோயிலுக்கு முன்னால் தகர ஷெட்டின் கீழே ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் ஒரு வக்கீலிடம் ரொம்ப வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். எனக்கு அண்ணன் முறை. ஊரில் எல்லோருக்கும் அவர் குமாஸ்தாதான், எனக்குக் குமாஸ்தா அண்ணன். நான் ஷெட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார்கள். நான் கம்பத்தை விடவில்லை.

கொழுந்தன் முதலில் பேசினார். "அண்ணனுக்குக் கை வெளங்கல. கை தெளிச்சாத்தான் தலை. நான் தெளிக்கிறேன், எனக்குத் தலை. இதுல பேசறதுக்கு என்னா இருக்குது?"

ஒரு பெரியவர், "மூத்தவன் உசுரோட இருக்கறப்ப எளையவனுக்கு எப்பிட்ரா வரும்?" என்றார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் பிரிச்சி வுடுங்க."

"எப்படிப் பிரிப்ப? கண்ணு ரெண்டு, காது ரெண்டு, சரி. நாக்கு ஒண்ணுதானே இருக்குது."

"ஒரு வருசம் மேல் தாட பெரியவனுக்கு. ஒரு வருசம் கீழ் தாட."

"மூள எந்தத் தாடையில சேத்தி?"

இதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் குமாஸ்தா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் சட்டம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"உரிமை ரெண்டு வகை. ஒண்ணு ஆளோட போறது. இன்னொண்ணு மண்ணோட போறது. ஆளோட போறது ஆளு செத்தா வாரிசுக்கு. மண்ணோட போறது மண்ண எவன் வாங்கறானோ அவனுக்கு. இவங்க வூட்டுக்குத் தலை எதுனால வந்துச்சு? மூஞ்சி அழகா இருக்குதுன்னா குடுத்தாங்க? கோயிலுக்கு எதுக்க நெலம் இருந்துச்சு, தலை வந்துச்சு. அந்த நெலம் இப்ப யாருது?"

"கம்பெனிது" என்றார் ஒருவர்.

"எழுதிக் குடுக்கறப்ப என்னான்னு எழுதிக் குடுத்தோம்? நெலம், கெணறு, மரம், அதச் சேந்த சகல உரிமையும். சகலமும்னா என்னா?"

"எல்லாம்."

"அப்ப தலை யாருது?"

பின்னாலிருந்து ஒரு குரல், "கம்பெனி தலை திங்குமா?" என்று கேட்டது.

"திங்கறதும் திங்காததும் உரிமைக்காரன் இஷ்டம். குடுக்க வேண்டியது நம்ம கடம" என்றார் குமாஸ்தா அண்ணன்.

கோயில் வாசலுக்கு உயரமாக ஒரு விளக்குக் கம்பம் வேண்டும் என்று அவர் கம்பெனிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தார். தலையைக் கொடுத்து ஒரு உறவு உண்டாகிவிட்டால் கம்பம் தானே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அது எல்லோருக்கும் புரிந்தது. கொழுந்தனுக்குக்கூட அண்ணனுக்குப் போவதைவிடக் கம்பெனிக்குப் போவது பரவாயில்லை என்று பட்டிருக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டார்.

"தங்கச்சி, நீ ஏதாச்சும் சொல்றதுண்டா?" என்று குமாஸ்தா அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

நான் கொண்டுபோன வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு. "இல்லீங்கண்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இவர், "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனிக்காம்."

"எது?"

"தலை."

அவர் கோணாத பக்கத்து வாயால் சிரித்தார். "கம்பெனிக்கு வாய் எங்க இருக்குது?" என்றார். சிரிப்பு நின்றபிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சோறு வேண்டாம் என்றார். மறுநாளும் பாதிதான் சாப்பிட்டார். மருமகன் வாங்கி வந்த மருந்தை மட்டும் வாங்கிக் குடித்தார், மறுத்தால் அவர் மனசு நோகும் என்று.

கம்பெனியில் நிலம் சம்பந்தப்பட்டதைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். வடக்கத்திக்காரர். சின்ன வயசு. முட்டைகூடத் தொடமாட்டார் என்று மருமகன் சொன்னார். குமாஸ்தா அண்ணனும் கொழுந்தனும் தேங்காய் பழத்தோடு போய் அவரை அழைத்தார்கள். கோயில் விசேஷத்துக்கு வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்களாம். எதன்மேல் என்று சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, அம்மாவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாராம்.

கூழ் வார்க்கிற அன்று நானும் பெண்ணும் மருமகனும் புறப்பட்டோம். இவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொல்லி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனோம்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நெற்றியில் குங்குமத்தை அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். மேளம் அடித்தது. ஒரு பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்து அவர் கையில் கொடுத்தார் குமாஸ்தா அண்ணன். அப்புறம் கடாவைக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கடா, ஒரு காது மட்டும் வெள்ளை. வழக்கமாகச் சந்தையில் வாங்குவார்கள். இந்தத் தடவை கம்பெனிக்குப் போகிற தலையாயிற்றே என்று, டவுன்ஷிப்பிலேயே ஒரு வீட்டில் வளர்த்த கொழுத்த கடாவைக் குமாஸ்தா அண்ணனே பார்த்து வாங்கி வந்திருந்தார். அவ்வளவு சுத்தமான கடாவை நான் பார்த்ததில்லை. மயிர் மினுமினுவென்று இருந்தது.

அதிகாரி தெளித்தார். கடா நின்றது.

மறுபடியும் தெளித்தார். கடா அவரைப் பார்த்தது.

"நல்லா தாராளமா ஊத்துங்க ஐயா" என்றார் பூசாரி.

அவர் தாராளமாக ஊற்றினார். கடா கண்ணை மூடிக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆள் மாதிரி சுகமாக நின்றுகொண்டிருந்தது. குமாஸ்தா அண்ணன் குனிந்து அவர் காதில், "கம்பெனி பேரச் சொல்லித் தெளிங்க ஐயா. உரிமைக்காரங்க யாருன்னு அம்மாளுக்குத் தெரியணும்" என்றார். மருமகன் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கம்பெனியின் முழுப் பெயரையும் மரியாதையாகச் சொல்லித் தெளித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அவர் மருமகனிடம் திரும்பி ஏதோ கேட்டார். மருமகன் பதில் சொன்னார். அதிகாரியின் முகம் வெளுத்துப்போனதை நான் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடா சிலுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அப்புறம் அவரே குமாஸ்தா அண்ணனிடம், அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இது உடம்பு ஆட்டல்லேன்னா, வெட்ட மாட்டீங்க, கரெக்டா?"

"வெட்டக் கூடாதுங்க ஐயா."

அதற்குப் பிறகு அவர் தெளித்ததே வேறு மாதிரி. வேப்பிலை நுனியில் ஒரு சொட்டு எடுத்து, பூவுக்கு வைக்கிற மாதிரி அதன் முதுகில் வைத்தார். கூட்டம் முழுக்கச் சிலுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, சிலுப்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

வெயில் ஏறியது. கொழுந்தன் பொறுக்க மாட்டாமல் வந்து சொம்பை வாங்கிக்கொண்டார். "நம்ம வூட்டுக் கை பட்டாத்தான் சிலுப்பும், பாருங்க" என்று குடத்துத் தண்ணீரையே கவிழ்த்தார். கடா நாக்கை நீட்டி, மூக்கில் வழிந்ததை நக்கிக்கொண்டது. பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, "சோப்பு இருந்தா போடுய்யா" என்றாள். குமாஸ்தா அண்ணன் தானே தெளித்துப் பார்த்தார். கடா அவர் கையிலிருந்த வேப்பிலையைத் தின்றுவிட்டது.

"குமாஸ்தா, உன் சட்டத்தத் தின்னுகினு இருக்குது பாரு" என்றார் அந்தப் பெரியவர்.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "மூத்தவரக் கூட்டியாங்க" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள். எப்படிக் கூட்டி வருவது என்று பேச்சு வந்தபோது அதிகாரி உடனே ஜீப் சாவியை நீட்டினார். ஜீப் திரும்பி வருகிற வரைக்கும் கடாவுக்கு ஆயுசு என்று நினைத்தாரோ என்னவோ, "மெதுவாப் போங்க, அவசரம் இல்லே" என்றார்.

மருமகன் போய் இவரைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டையோடு, கம்பெனி ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. கடாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சொம்பைக் கொடுத்தார்கள். வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கையை நீட்டினார்.

"இடது கையால தெளிக்கக் கூடாது மச்சான்" என்றார் குமாஸ்தா அண்ணன்.

"எனக்கு இருக்கறது அதான்."

"அம்மா காரியம். வேற கையி வேணும்."

"அப்ப என் கைய வேற ஆளுக்குக் குடுக்கலாமா? உன் சட்டம் என்னா சொல்லுது?"

குமாஸ்தா அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் பசி, வேர்வை, அவமானம். எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தார். "குடுக்கலாம். மூத்தவன் தன் உரிமைய தானா மனசறிஞ்சி, எல்லார் முன்னாடியும் சொல்லி மாத்திக் குடுத்தா செல்லும். யாருக்குக் குடுக்கற, தம்பிக்கா?"

கொழுந்தன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இவளுக்கு" என்றார் என் வீட்டுக்காரர், கூழ்ப் பானைப் பக்கம் கையைக் காட்டி.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். எப்படிப் போனேன் என்று தெரியாது. சொம்பு என் கையில் இருந்தது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கடாவைப் பார்க்காமல், அது நின்ற திசையில் தெளித்தேன். பாதி தண்ணீர் அதிகாரியின் காலில் விழுந்தது. மிச்சம் கடாவின் மேல் பட்டது.

சிலுப்பியிருந்தால் இதை ஒரு அதிசயமாகச் சொல்லலாம். சிலுப்பவில்லை. முந்தானை விலகியபோது அது என் சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"உத்தரவு இல்ல" என்றார் பூசாரி. அவ்வளவுதான். கறிக்கு ஆசைப்பட்டு வந்த இளவட்டங்கள் கறிக்கோழிக் கடைக்கு ஓடினார்கள். கோழித் தலையைப் பற்றி யாரும் வழக்குப் பேசவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர், "தலையக் குடுங்க" என்றார்.

"எந்தத் தலைய?"

"நாங்க தெளிச்ச தலைய. தெளிச்சவங்களுக்குத்தானே தலை? வெட்டுனாத்தான் தலைன்னு எவன் சொன்னான்?"

"மச்சான், அது கடா மேல இருக்குது."

"இருக்கட்டும். நான் இழுத்துகினா போவப் போறேன்? தலை அதுவா நடந்து வரும்."

"ஒடம்பு கமிட்டிது."

"ஒடம்ப நான் கேக்கல. தலை எங்க படுக்குதோ அங்கதான் ஒடம்பும் படுக்கும். கமிட்டி ஒடம்ப யாரு பாத்துக்கறாங்களோ பாத்துக்கட்டும்."

குமாஸ்தா அண்ணன் அதிகாரியிடம் திரும்பினார். முதலில் கம்பெனி தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்கு ஐயாவுக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டார். மருமகன் மொழிபெயர்த்தார். அதிகாரி சொன்ன பதிலை மருமகன் உரக்கச் சொன்னார். "வாங்கிக்கவே எனக்கு அதிகாரம் கிடையாது. இல்லாததை எப்படி விட்டுக்கொடுக்கறதுன்னு கேக்கறாருங்க."

குமாஸ்தா அண்ணன் கடாவின் கயிற்றை மருமகன் கையில் கொடுத்தார். அந்த விளக்குக் கம்பத்தைப் பற்றி அன்றைக்கே அதிகாரியிடம் பேசியிருக்கலாம். மறந்துவிட்டார்.

தலை வீட்டுக்கு வந்தது. மருமகன் ஜீப்பை ஓட்ட, முன் சீட்டில் அதிகாரி, பின்னால் நானும் பெண்ணும் என் வீட்டுக்காரரும், எங்கள் காலடியில் கடா. அது தன் தாடையை இவருடைய மடியில், செத்த கைமேல் வைத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு ராத்திரி குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். வெறும் கத்தரிக்காய்க் குழம்பு. "மாப்ள, டிவியப் போடுங்க" என்றார். மருமகன் எழுந்து போட்டுவிட்டு என் பெண்ணைப் பார்த்தார். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பின்பக்கக் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். கடா கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, என்னை இடித்துத் தள்ளிவிட்டு, குழாய்க்குக் கீழே முதுகைக் காட்டி நின்றது. அப்படியே திரும்பி வயிற்றைக் காட்டியது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அதை வளர்த்த வீட்டில், வாடை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தினமும் ரப்பர் டியூப்பைப் போட்டு அதைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் சிலுப்ப வேண்டும் என்று அதற்குத் தெரியவே தெரியாது. இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "குமாஸ்தா பாத்து வாங்குன கடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கொழுந்தன் பத்து நாள் கோபமாக இருந்தார். பிறகு ஒரு நாள் சைக்கிளில் பலா இலைக் கட்டோடு வந்து நின்றார். "அண்ணி, கமிட்டி ஒடம்புக்குத் தீனி போட்டா தப்பில்லையே" என்றார். அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்தார். ஆடு தின்று முடிக்கிற வரைக்கும் அண்ணனும் தம்பியும் பின்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த ஆடியில் சந்தைக் கடா வாங்கினார்கள். கொழுந்தன் தெளித்தார். அது உடனே சிலுப்பிவிட்டது. அந்தத் தலை யாருக்கு என்ற கேள்வி வந்தபோது குமாஸ்தா அண்ணன் சொன்னாராம்: "மூத்தவன் வூட்டுத் தலை நடந்துகினு இருக்குது. அது இருக்கற வரைக்கும் அந்த வூட்டுக்கு வேற தலை கேக்க முடியாது. ஒரு வூட்டுக்கு ஒரு தலைதான்." கொழுந்தனுக்குத் தலை போனது. அவர் அதைச் சமைத்து எங்களுக்கு ஒரு தூக்கு கொண்டுவந்தார். இவர் பின்பக்கத்தில் தன் தலைக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சாப்பிட மாட்டேன் என்று, தம்பியின் தோளைப் பிடித்து உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

இரண்டு ஆடி அப்படிப் போனது. மூன்றாவது ஆடிக்கு அவர் இல்லை. பங்குனியில் ஒரு காலை, காபி கொண்டுபோனேன். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துக் குமாஸ்தா அண்ணன் துக்கம் கேட்க மறுபடியும் வந்தார். தண்ணீர் குடித்தார். பின்பக்கம் போய்க் கடாவைப் பார்த்தார். அதுவும் கிழமாகியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, சொல்றனேன்னு தப்பா நெனைக்காத. மச்சான் போயிட்டாரு. மூத்த கை போயிடுச்சு. இனி அது கமிட்டிக்குத்தான் திரும்பணும். ஒடம்பு எப்பவுமே கமிட்டிதுதான். தலையும் இப்ப..."

பெண்ணும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பம் எதுவும் இல்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே" என்றேன். "தலை எங்களுது."

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அவரு கைய எனக்குக் குடுத்துட்டாரு. எல்லார் முன்னாடியும் குடுத்தாரு. செல்லும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் இன்னும் இருக்கறேன்."

அவர் உதடு அசைந்தது. ஆளோடு போவது, மண்ணோடு போவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார். "செல்லும்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போகும்போது, எங்கள் பின்பக்கத்து முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து அவரே கடாவுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த அதிகாரி அதற்கு முன்பே மாற்றலாகி எங்கேயோ மலைப்பக்கம் போய்விட்டார். ஆடிக்கு ஆடி மருமகனுக்குப் போன் செய்வார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்வார். தன் அம்மாவிடம் காட்டுகிறாராம். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் போன விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னிடம் பேச வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். மருமகன் போனை என் காதில் வைத்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அவர்தான் கேட்டார்.

"அம்மா, தலை எப்படி இருக்கு?"

"நல்லாருக்குதுங்க" என்றேன். "ஒடம்பும் நல்லாருக்குதுங்க."